ரேடாரோடு நிறுத்தலாமா, தோண்டலாமா? பழைய தேவாலயத் தரைக்கு அடியில் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

1616 ஏப்ரல் மாதம், அவரவர் நாட்டு நாட்காட்டிப்படி ஒரே வாரத்துக்குள், இரண்டு பெரிய எழுத்தாளர்கள் இறந்தார்கள். மாட்ரிடில் செர்வான்டெஸ், இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர். இருவரையும் தேவாலயத்துக்கு உள்ளேயே அடக்கம் செய்தார்கள். நானூறாவது நினைவு ஆண்டு நெருங்கியபோது, 2014இல், இரண்டு இடங்களிலும் தரை ஊடுருவும் ரேடார் வந்து இறங்கியது. அதுவரை கதை ஒன்றுதான். அப்புறம் பாதை பிரிந்துவிட்டது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ரேடாரோடு நிறுத்திக்கொண்டார்கள். மாட்ரிடில் தோண்டினார்கள்.

பழைய தேவாலயத்தின் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பும் எந்த நிர்வாகக் குழுவும் இந்தப் பிரிவில் வந்து நின்றே ஆக வேண்டும். வெப்பமூட்டும் குழாய் பதிக்க வேண்டியிருக்கலாம். தரை ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கலாம். புகழ்பெற்ற ஒருவர் அங்கே புதைக்கப்பட்டார் என்று தலைமுறைகளாகப் பேச்சு இருக்கலாம். கையில் உள்ள வழிகள் அதிகமில்லை: பழைய பதிவேடுகளைப் படிப்பதோடு விடுவது, ரேடார் ஓட்டுவது, சிறு துளையிட்டுக் கேமரா விடுவது, தோண்டுவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவேடுகளைப் படித்து முடித்ததும் ரேடார்தான். அதில் ஏறக்குறைய விதிவிலக்கே கிடையாது. தோண்டுவதற்கு இரண்டு காரணங்களைத்தான் நான் ஏற்பேன். ஒன்று, தரையை எப்படியும் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலை. இன்னொன்று, கிடைக்கும் எலும்பை ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று, அதாவது உயிரோடு உள்ள ஒரு வாரிசோ பெயர் பொறித்த ஒரு தகடோ, கிடைக்கும் என்ற உறுதி. இரண்டும் இல்லாவிட்டால் ரேடாரோடு நின்றுவிட வேண்டும். ஏன் என்பதற்கு மாட்ரிட் போதுமான சாட்சி. ஆனால் அதற்கு முன் இந்தக் கருவியால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதில் ஏற்படும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை அதைத் தெரிந்துகொள்ளாததால் வருபவை.

ரேடார் எதைப் பார்க்கிறது

கருவி ரேடியோ அலைத் துடிப்பைத் தரைக்குள் அனுப்புகிறது. உள்ளே பொருள் மாறும் இடத்தில், கல் முடிந்து மண் தொடங்கும் இடத்தில், மண் முடிந்து செங்கல் தொடங்கும் இடத்தில், அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. வர எடுத்த நேரம் நானோ வினாடிக் கணக்கில் பதிவாகிறது. அதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்துவிட்டதா என்று சொல்வதைப் போலத்தான் இது. உள்ளே எத்தனை சுளை என்று தட்டிச் சொல்ல முடியாது.

ஓரளவு ஈரமுள்ள மண்ணில் அலை நானோ வினாடிக்குச் சுமார் 10 செ.மீ. பயணம் செய்யும். தேவாலயத் தரைகளில் வழக்கமாகப் பயன்படும் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு அப்படிப்பட்ட மண்ணில் அலைநீளம் 25 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 6 செ.மீ.க்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரண்டு அடுக்குகள் தனித்தனியாகத் தெரியாது. விரல் எலும்பும் விலா எலும்பும் இதில் தெரிய வாய்ப்பே இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே புரிந்துவிடும். போதாக்குறைக்கு, பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த எலும்பு மின்பண்பில் சுற்றியுள்ள மண்ணிலிருந்து பெரிதாக வேறுபடுவதும் இல்லை.

அப்படியானால் தெரிவது என்ன? குழி வெட்டிய தடம் தெரியும். மண்ணைத் திரும்பப் போட்டு நிரப்பியதில் அதன் அடுக்கு கலைந்திருப்பது தெரியும். ஈயப்பெட்டி, செங்கல் வளைவு உள்ள நிலவறை, பிற்காலத்தில் செய்த பழுதுபார்ப்பு எல்லாம் தெரியும். வெற்றிடம் மிக நன்றாகத் தெரியும். காற்றில் அலை நானோ வினாடிக்கு 30 செ.மீ. போகும் என்பதால், மண்ணிலிருந்து வெற்றிடத்துக்குள் நுழையும் இடத்தில் திரும்பி வரும் அலையின் மேடு பள்ளம் தலைகீழாகிவிடும். பழகியவர்கள் அதை வைத்தே கீழே கூடம் ஒன்று இருக்கிறது என்பார்கள்.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தரையில் நூல் கட்டி இணைகோடுகள் போடுவார்கள். சூட்கேஸ் அளவுள்ள ஆன்டெனாப் பெட்டியை அந்தக் கோடுகள் மேல் ஒரே வேகத்தில் இழுத்துப் போவார்கள். பெஞ்சுகளை நகர்த்த வேண்டியிருக்கும். எழுத்து பொறித்த கல்லறைக்கல் தேயாமல் இருக்க மெல்லிய விரிப்பு போடுவார்கள். திரையில் புதைந்த பொருள் ஒவ்வொன்றும் கவிழ்த்த வில்லாக எழும்பும். அந்த வில்லின் உச்சிதான் பொருள் இருக்கும் இடம். பித்தளைத் தகடு பதித்த கல்லைத் தாண்டும்போது மட்டும் திரை முழுக்கக் கோடு கோடாக அதிரும், அதற்குக் கீழே உள்ள எதுவும் தெரியாது. எல்லாக் கோடுகளையும் சேர்த்து, ஆழவாரியாக நறுக்கிய வரைபடங்களாக ஆக்குவது பின்னால் அலுவலகத்தில் நடக்கும் வேலை. கல்லறைகள் செவ்வகங்களாகக் கிழக்கு மேற்காக வரிசைகட்டி நிற்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அரை மீட்டர் இடைவெளி விட்டால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும். ஆனால் ஒரு குழந்தையின் கல்லறை இரண்டு கோடுகளுக்கு நடுவே அப்படியே தப்பிவிடும். தேவாலயத் தரைக்கு 25 செ.மீ.க்கு மேல் இடைவெளி வைக்க ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. ஆன்டெனாவும் ஒன்று போதாது. தளக்கல்லையும் அதற்குக் கீழே உள்ள சாந்தையும் பார்க்க 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் வேண்டும்; ஆழமான நிலவறையைத் தேட 250க்குப் பக்கத்தில் போக வேண்டும், அங்கே படம் மங்கும். ஈரக் களிமண்ணும் உப்பு ஏறிய மண்ணும் அலையை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எந்த அதிர்வெண்ணும் பெரிதாக உதவாது. இதை ஒப்பந்தம் போடும் முன்பே நேர்மையாகச் சொல்லும் நிபுணரைத்தான் நான் நம்புவேன்.

ஸ்ட்ராட்ஃபோர்டு: தோண்டாமல் கிடைத்தவை

ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால், ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் கல்லறைக்கற்கள் வரிசையாக இருக்கின்றன. அவருடைய கல்லில் பெயரே இல்லை. இந்தக் கற்களை விட்டுவைப்பவன் நன்றாக இருக்கட்டும், என் எலும்புகளை நகர்த்துபவன் சபிக்கப்படட்டும் என்ற பொருளில் நான்கு வரிகள் மட்டும் இருக்கின்றன. பக்கத்துக் கற்களைவிட அந்தக் கல் நீளத்தில் குட்டை. இவ்வளவு வெளிப்படையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவரின் கல்லறையைத் தோண்டும் எண்ணம் தேவாலயத்துக்கு இருந்ததில்லை. ஆகவே ரேடார்.

ஸ்டாஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் கெவின் கோல்ஸும் புவி இயற்பியலாளர் எரிகா உட்சியும் செய்த அந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் அவர்கள் தீர்த்துவைத்த கேள்விகளைப் பாருங்கள். 1694இல் எழுதப்பட்ட ஒரு கடிதம், அவரைப் பதினேழு அடி ஆழத்தில் புதைத்ததாகச் சொல்கிறது. ரேடார் காட்டிய ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குடும்பத்துக்கென்று பெரிய நிலவறை இருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லை, தனித்தனியான ஆழமற்ற குழிகள்தான். சவப்பெட்டி ஆணி போன்ற உலோகத்தின் அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே துணியில் சுற்றிப் புதைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மேலே உள்ள கல் குட்டையாக இருந்தாலும் கீழே உள்ள குழி மற்றவற்றைப் போலவே முழு நீளம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தலைமாட்டில் கண்டது. அந்த இடத்தில் மண் கலைக்கப்பட்டு, பின்னர் தரை உள்வாங்காமல் இருக்கப் பழுதுபார்த்த தடம் இருந்தது. 1794இல் சிலர் ஷேக்ஸ்பியரின் மண்டையோட்டைத் திருடிப் போனார்கள் என்று 1879இல் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு கதை வந்திருந்தது. அதுவரை அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. இப்போது அந்தக் கதைக்கு ஓர் ஆதாரம் கிடைத்த மாதிரி ஆனது.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். தலைமாடு கலைக்கப்பட்டிருக்கிறது என்பது வரைக்கும்தான் ரேடார் சொன்னது. மண்டையோடு இல்லை என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மண்டையோடு இருந்திருந்தாலும் இந்த ஆழத்தில், இந்த மண்ணில், அது தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. செய்திகளில் தலைப்பு என்னவோ திருட்டு உறுதியாகிவிட்டதைப் போல வந்தது. இந்தத் தடத்தை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது என்று தேவாலயம் சொன்னது. கல்லறையைக் கலைக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டது. நான் தேவாலயத்தின் பக்கம்தான்.

அதே கதையின் தொடர்ச்சியாக, திருடிய மண்டையோடு பியோலி என்ற ஊரின் தேவாலய நிலவறையில் கிடக்கிறது என்றும் ஒரு பேச்சு இருந்தது. அதை எடுத்து டிஎன்ஏ சோதனை செய்யக் கேட்ட அனுமதியைத் திருச்சபை நீதிமன்றம் மறுத்தது. பின்னர் லேசர் ஸ்கேன் செய்து வடிவத்தை ஆராய்ந்ததில் அது எழுபதுகளில் இருந்த ஒரு பெண்ணுடையது என்று தெரியவந்தது. அங்கேயும் எலும்பைக் கலைக்காத வழியே விடை சொன்னது.

மாட்ரிட்: தோண்டியும் கிடைக்காதது

செர்வான்டெஸ் 1575இல் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டுகள் அடிமையாக இருந்தார். பணம் திரட்டி அவரை மீட்டவர்கள் டிரினிட்டேரியன் துறவிகள். அந்த நன்றியோடு அதே சபைக் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் அடக்கமானார். அடக்கமானது ஐயமில்லாத சேதி. ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த மடத்துத் தேவாலயத்தைப் புதிதாகக் கட்டினார்கள், பழைய கல்லறைகளின் எலும்புகளை இடம் மாற்றினார்கள். எங்கே வைத்தார்கள் என்ற குறிப்பு மறைந்துவிட்டது.

2014இல் ரேடாரும் அகச்சிவப்புக் கேமராவும் தரையையும் சுவரையும் அலசின. எங்கே குழிகள், எங்கே மாடங்கள் என்று வரைபடம் கிடைத்தது. ரேடாரின் வேலை அத்தோடு முடிந்தது, அதை நன்றாகவே செய்தது. அதன் பிறகு தடயவியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ எட்செபெரியா தலைமையில் நிலவறையில் இறங்கினார்கள். 2015 ஜனவரியில் ஒரு மாடத்தில் மக்கிய பலகை கிடைத்தது. அதில் ஆணித் தலைகளால் 'எம் சி' என்ற இரண்டு ஸ்பானிய எழுத்துகள், மிகெல் செர்வான்டெஸ் என்ற பெயரின் முதலெழுத்துகள். உலகம் முழுக்கச் செய்தி ஆனது. ஆனால் அந்த மாடத்தில் இருந்த எலும்புகள் பலருடையவை, குழந்தைகளுடையவையும் சேர்த்து. அவர் அங்கே இல்லை.

தேட நல்ல அடையாளங்களே இருந்தன. 1571 லெபான்டோ கடற்போரில் அவருடைய இடது கை செயலிழந்தது, நெஞ்சில் குண்டு பாய்ந்தது. வாயில் மிஞ்சியது ஆறே பற்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இருந்தும், கடைசியில் நிலவறைத் தரைக்கு அடியில் கிடைத்தது பதினைந்து பதினேழு பேருடைய எலும்புத் துண்டுகள் கலந்து கிடந்த ஒரு குவியல்தான். பழைய தேவாலயத்திலிருந்து மாற்றப்பட்டவர்களில் அவரும் அவர் மனைவியும் அடக்கம் என்பதால், இந்தக் குவியலில் அவரும் இருக்கக்கூடும் என்று 2015 மார்ச்சில் அறிவித்தார்கள். எந்தத் துண்டு அவருடையது என்று சொல்ல முடியவில்லை. டிஎன்ஏவை ஒப்பிடவும் வழியில்லை: தொடரும் வாரிசு இல்லை, சகோதரியின் எலும்புகளோ வேறொரு மடத்தில் மற்றவர்களோடு கலந்து கிடக்கின்றன. அந்த ஜூனில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேவாலயத்திலேயே திரும்ப அடக்கம் செய்தார்கள்.

அந்தக் குழுவின் உழைப்பில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விதான் தோண்டுவதால் தீரக்கூடியதாக இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை என்பது மண்வெட்டி எடுக்கும் முன்பே தெரிந்த சங்கதி. ரேடார் வரைபடத்தோடும் ஆவணங்களோடும் நின்றிருந்தாலும், அவர் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார் என்ற இதே வாக்கியத்தை ஏறக்குறைய இதே உறுதியோடு எழுதியிருக்கலாம். அந்த எலும்புகளும் கலையாமல் இருந்திருக்கும்.

லெஸ்டர்: ரேடார் கைவிட்ட இடம்

நேர்மாறான ஒன்றையும் சொல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. 1485இல் போர்க்களத்தில் கொல்லப்பட்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னரை லெஸ்டர் நகரின் கிரேஃபிரையர்ஸ் துறவிமடத் தேவாலயத்தில் புதைத்தார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில் அந்த மடம் இடிக்கப்பட்டது. இருபத்தோராம் நூற்றாண்டில் அது கார் நிறுத்தும் இடம். 2011இல் அங்கே ரேடார் ஓட்டினார்கள். மேல்மட்டத்தில் இடிபாடும் கலைந்த மண்ணும் மண்டிக் கிடந்ததால் தேவாலயத்தின் சுவர்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. நவீனக் குழாய்களும் கம்பிகளும் ஓடும் இடம் தெரிந்தது, அவ்வளவுதான்.

2012 ஆகஸ்ட் 25 அன்று முதல் குழியைத் தோண்டினார்கள். அன்றைக்கே கால் எலும்புகள் கண்ணில் பட்டன. பிறகு முழுவதும் திறந்தபோது முதுகெலும்பு வளைந்திருந்தது, மண்டையில் வெட்டுக்காயங்கள் இருந்தன. மன்னருடைய சகோதரியின் பெண்வழி வாரிசு ஒருவரை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தாய்வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ அவரோடு பொருந்தியது. 2013 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் மறு அடக்கம்.

ரேடாரை மட்டும் நம்பியிருந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று மூட்டை கட்டியிருப்பார்கள். ரேடாரில் தெரியவில்லை என்றால் கீழே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. தேவாலயம் இடிந்து மேலே வேறு வேறு காலத்துக் குப்பை சேர்ந்த இடங்களில் இது இரண்டு மடங்கு உண்மை. ஆனால் லெஸ்டரில் தோண்டியது ஏன் பலித்தது என்பதையும் பார்க்க வேண்டும். வாரிசு கையில் இருந்தார். உடலில் காயமும் முதுகின் வளைவும் வரலாற்றுக் குறிப்புகளோடு ஒத்துப்போயின. மாட்ரிடுக்கும் லெஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஷேக்ஸ்பியருடைய நேரடி வம்சம் 1670இல் அவருடைய பேத்தி எலிசபெத்தோடு முடிந்துவிட்டது. அந்தக் கல்லறையைத் திறந்தால் லெஸ்டரைவிட மாட்ரிட் மாதிரி முடியும் சாத்தியமே அதிகம் என்று நினைக்கிறேன்.

தரையைத் திறந்தே ஆக வேண்டும் என்றால்

பாத் நகரின் அபே தேவாலயத்தில் தரைக்கு அடியில் ஆயிரக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மண் உள்வாங்க உள்வாங்கக் கற்களுக்கு அடியில் வெற்றிடங்கள் உண்டாகி, தரை ஆபத்தான நிலைக்கு வந்துவிட்டது. கற்களை எடுத்து, மண்ணைச் சீராக்கி, கற்களைத் திரும்பப் பதித்தார்கள். அதோடு வெந்நீரூற்று வெப்பத்தைப் பயன்படுத்தும் தரைச் சூடாக்கியும் வைத்தார்கள். பாரிஸ் நோத்ர தாமிலும் அப்படித்தான்: தீவிபத்துக்குப் பிறகு கோபுரத்தை மீண்டும் எழுப்பப் பெரிய சாரம் நிறுத்த வேண்டியிருந்ததால் 2022இல் நடுப்பகுதியைத் தோண்டினார்கள். இரண்டு ஈயச் சவப்பெட்டிகள் கிடைத்தன. ஒன்றில் தகடு இருந்ததால் 1710இல் இறந்த குரு அந்துவான் த லா போர்த் என்று உடனே தெரிந்தது. மற்றதில் தகடு இல்லை. அது கவிஞர் ஜோஅஷேன் து பெல்லேயாக இருக்கலாம் என்று 2024இல் ஒரு கருத்து வந்தது, எல்லோரும் ஏற்கவில்லை. ஒரே குழி, ஒரே குழு. ஒப்பிட ஏதோ ஒன்று இருந்தவருக்குப் பெயர் கிடைத்தது, இல்லாதவருக்கு விவாதம்.

தகடு இல்லாத பெட்டியைத் திறக்கும் முன் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நிலவறையோ வெற்றிடமோ இருக்கிறது என்று ரேடார் சொன்ன இடத்தில் கல் இணைப்பில் சிறு துளையிட்டு இதைச் செய்யலாம். மண் நிரம்பிய குழிக்கு இது பயன்படாது. மற்ற கருவிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணின் மின்தடையை அளக்க முட்களைத் தரையில் குத்த வேண்டும், கல் தளத்தில் அது நடக்காது. காந்தமானி இரும்புக் கிராதியும் ஆணியும் சூழ்ந்த தேவாலயத்துக்குள் குழம்பிவிடும், வெளியே கல்லறைத் தோட்டத்தில் நன்றாக உதவும்.

எதையும் பெயர்க்கவே முடியாத தரைகளும் உண்டு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பலிபீடத்துக்கு முன்னால் உள்ள காஸ்மாட்டி தளம் 1268இல் வண்ணக்கல் துண்டுகளால் இழைத்தது. அங்கே ரேடார் தவிர வேறு வழி இல்லை. அந்தப் பகுதிப் பாதுகாப்புப் பணியின்போது எடுத்த ரேடார் ஆய்வில்தான் 1066இல் இறந்த எட்வர்டு மன்னரின் முதல் கல்லறை இருந்த இடம் என்று கருதப்படும் புதைந்த அறை தெரிய வந்தது.

வேலையை ஒப்படைக்கும்போது

ரேடாரை ஒருமுறை ஓட்டி ஒருவர் தரும் விளக்கத்தை வைத்துப் பெரிய முடிவு எடுக்காதீர்கள். தேவாலயத்துக்கு வெளியே நடந்தது என்றாலும் பழைய எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கல்லறை இதற்கு நல்ல பாடம். 2015இல் ஒரு ரேடார் ஆய்வு சுவருக்குப் பின்னால் மறைவான அறை இருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆய்வில் அது தெரியவில்லை. 2018இல் இத்தாலியக் குழு விரிவாகச் செய்த மூன்றாவது ஆய்வு அறை எதுவும் இல்லை என்று முடித்தது. சுவரை முதல் முடிவோடு உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே ஒப்பந்தத்திலேயே சிலவற்றை எழுதி வாங்கிவிடுங்கள். அறிக்கையோடு பதப்படுத்தாத மூலத் தரவும் கோடுகளின் அமைவிடமும் தேவாலயத்துக்குச் சொந்தமாக வர வேண்டும். அதைத் தொடர்பில்லாத இன்னொரு நிபுணர் பார்க்க வேண்டும். பார்த்ததையும் ஊகித்ததையும் அறிக்கையில் தனித்தனியாக எழுதச் சொல்ல வேண்டும்: தலைமாட்டில் மண் கலைந்திருக்கிறது என்பது ஒரு வரி, யாரோ திருடியிருக்கலாம் என்பது இன்னொரு வரி, இரண்டும் ஒரே பத்தியில் வரவே கூடாது. பித்தளைத் தகடும் தூண்களும் மறைத்ததால் அளக்கவே முடியாத பகுதிகளைப் படத்தில் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுப் பகுதியும் அளக்காத பகுதியும் படத்தில் ஒரே நிறத்தில் இருந்தால், பத்து ஆண்டுகள் கழித்துக் குழாய் பதிக்க வருபவர் அங்கே எதுவும் இல்லை என்று நினைத்துத் தோண்டிவிடுவார்.